ஆதார் இருக்கிறது... பதிவேட்டில் ஆள் இல்லை! - வடமாநிலத் தொழிலாளர்களைச் சுற்றி நடக்கும் அரசியல்

கோவையின் கிழக்கு வாசல் சிங்காநல்லூர். திருச்சி சாலை, குளம், பேருந்து நிலையம், இ.எஸ்.ஐ மருத்துவமனை... இந்த நான்கைச் சொன்னாலே ஊருக்குப் புதியவர்கூட இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். மதுரை, திருநெல்வேலி என்று தெற்கே போகிற பஸ்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. பஞ்சாலைகள் செழித்த காலத்தில் தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்து, இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்ட குடும்பங்கள் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், உப்பிலிபாளையம் பகுதிகளில் ஏராளம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ்ஸில் இடம்பிடிக்க முண்டியடிப்பவர்களில் பலர் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

இப்போது வருகிறவர்கள் இன்னும் தூரத்திலிருந்து வருகிறார்கள். தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ், பாட்னா - எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ், திப்ரூகர் - கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ் என்று கோவை ஜங்ஷனில் நிற்கும் ஒவ்வொரு வடக்கத்தி ரயிலிலிருந்தும் முதுகில் ஒரு பையோடு இளைஞர்கள் இறங்குகிறார்கள். பவுண்டரி, லேத் பட்டறை, பம்ப்செட் கம்பெனி, கட்டட வேலை, பேக்கரி, ஹோட்டல், சலூன் என்று அவர்கள் இல்லாத இடமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை டவுன்ஹால், உக்கடம் பக்கம் போனால் தமிழைவிட இந்தியும் ஒடியாவும் வங்காளமும்தான் அதிகம் காதில் விழும்.

சரி, மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2015-16 காலகட்டத்தில் தமிழ்நாடு அரசு எடுத்த கணக்கெடுப்பு, மாநிலம் முழுக்க 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொன்னது. அதன்பிறகு பத்தாண்டுகளில் எண்ணிக்கை பற்றிப் பேசாத கட்சி இல்லை. ஆனால், ஒரு பட்டறையில் போய் `இங்கே வேலை செய்கிற எல்லோருடைய பெயரும் பதிவேட்டில் இருக்கிறதா?' என்று கேட்டால், பல இடங்களில் பதில் வராது. கணக்கு எடுக்க முடியாமல் போனது தற்செயல் அல்ல. இவர்களுடைய பெயர் எழுதப்படாமல் இருப்பதில் பலருக்கும் லாபம் இருக்கிறது.

இரண்டு வகை `ஆவணம் இல்லாதவர்கள்'

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். `ஆவணம் இல்லாத தொழிலாளர்' என்றதும், எல்லை தாண்டி வந்த வெளிநாட்டுக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். அப்படியும் சிலர் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் பகுதியில் தங்கி வேலை செய்துவந்த 30-க்கும் மேற்பட்ட வங்கதேசத்தவரைப் போலீஸார் கைது செய்தனர்.

இரண்டாவது வகைதான் எண்ணிக்கையில் மிகப் பெரியது. இவர்கள் இந்தியக் குடிமக்கள். கையில் ஆதார் இருக்கிறது, சொந்த ஊரில் ஓட்டு இருக்கிறது, ரேஷன் கார்டும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். தாங்கள் இந்த கம்பெனியில், இந்தத் தேதியிலிருந்து, இந்தச் சம்பளத்துக்கு வேலை செய்கிறோம் என்பதற்கான ஒரு துண்டுக் காகிதம். நாட்டில் இருப்பதற்கு ஆவணம் உண்டு. வேலையில் இருப்பதற்கு ஆவணம் இல்லை.

முதல் வகையைப் பற்றிய பயத்தை இரண்டாவது வகையின் மீது ஏற்றுவது அரசியலில் சுலபமான வேலை. இரண்டாவது வகைக்குச் செய்ய வேண்டிய கடமையைத் தட்டிக்கழிக்கவும் அது உதவுகிறது.

1979-லேயே வந்த சட்டம்

ஒடிசாவில் `தாதன்' என்றொரு முறை இருந்தது. ஏஜென்ட் ஒருவர் கிராமத்துக்கு வந்து முன்பணம் கொடுப்பார். மாதா மாதம் கணக்குத் தீர்ப்பதாகச் சொல்லி, ஆட்களைத் தொலைவில் இருக்கும் அணைக்கட்டு வேலைக்கும் சாலை வேலைக்கும் அழைத்துப்போவார். போன இடத்தில் வேலை நேரத்துக்கு வரம்பு இருக்காது, விடுமுறை இருக்காது, சொன்ன கணக்கும் தீராது. இந்த முறையை ஒழுங்குபடுத்தத்தான் 1979-ல் மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் வந்தது. 1980 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தைப் படித்தால் ஆச்சர்யமாக இருக்கும். ஐந்து பேர், அதற்கு மேல் வெளிமாநிலத் தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனம் பதிவு செய்ய வேண்டும். ஆள் கூட்டிவரும் கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும். அதில் வேலை, சம்பளம், கொடுத்த முன்பணம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். உள்ளூர்த் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியையே கொடுக்க வேண்டும். ஊரை விட்டு வந்ததற்காக, மாதச் சம்பளத்தில் பாதியைத் திரும்பக் கேட்காத தொகையாகத் தர வேண்டும். போக்குவரத்துச் செலவு, தங்குமிடம், மருத்துவம் எல்லாம் தனி.

இவ்வளவும் எழுதிய சட்டம், மீறினால் என்ன தண்டனை என்ற இடத்தில் சுருங்கிப்போனது. ஓராண்டு வரை சிறை அல்லது அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதம். அதிலும் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்களுக்கு மட்டும்தான் சட்டம் பொருந்தும். `நானாகத்தான் வந்தேன்' என்று தொழிலாளி சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அப்படிச் சொல்ல வைப்பதற்கு மேஸ்திரிக்குப் பெரிய சாமர்த்தியம் தேவைப்படவில்லை.

இந்தச் சட்டத்துக்குப் பதிலாகத்தான் 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. தானாக வந்தவர்களையும், மாதம் 18,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கினால், வெளிமாநிலத் தொழிலாளர் என்று அது ஏற்கிறது. சொந்த ஊர் போய்வர ஆண்டுக்கொரு முறை பயணத்தொகை உண்டு. அபராதமும் உயர்ந்திருக்கிறது. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள். ஆனால், ஐந்து பேர் என்ற வரம்பு பத்து பேராகிவிட்டது. சம்பளத்தில் பாதி தரும் இடப்பெயர்வுப் படி காணாமல் போய்விட்டது. எட்டுப் பேரை வைத்து ஓடுகிற ஜாப் ஒர்க் பட்டறைகள் நிறைந்த கோவையில் இந்த பத்து பேர் வரம்புக்கு என்ன பொருள் என்பதை விளக்கத் தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

பெயர் எழுதாமல் விடுவதில் எவ்வளவு மிச்சம்? ஓர் உதாரணக் கணக்கு. நாள் கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 13,000 ரூபாய். இ.எஸ்.ஐ-க்கு முதலாளி கட்ட வேண்டியது 3.25 சதவிகிதம், அதாவது 422 ரூபாய் 50 காசு. பி.எஃப்-க்கு 12 சதவிகிதம், அதாவது 1,560 ரூபாய். ஒரு தொழிலாளிக்கு மாதம் 1,982 ரூபாய் 50 காசு. 20 பேரைப் பதிவேட்டில் காட்டாமல் விட்டால் மாதம் 39,650 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 4,75,800 ரூபாய். ஓவர்டைம் கூலி, போனஸ், பணிக்கொடை இதில் சேரவில்லை.

இந்தப் பணம் முழுக்க பட்டறைக்காரர் பைக்குத்தான் போகிறது என்று சொன்னால் அதுவும் நியாயம் இல்லை. பெரிய கம்பெனி ஒரு பாகத்துக்கு இவ்வளவுதான் என்று விலை பேசுகிறது. அந்த விலைக்குள் கரன்ட் பில், மூலப்பொருள், வாடகை எல்லாம் அடங்க வேண்டும். கடைசியில் குறைக்க முடிகிற ஒரே செலவு ஆள் கூலி. `சட்டப்படி எல்லாம் கட்டினா கட்டுப்படியாகாதுங்க' என்பது கொங்கு மண்டலப் பட்டறைகளில் சாதாரணமாகக் கேட்கிற பேச்சு. மேலே இருப்பவர் நெருக்க, கீழே இருப்பவர் பெயரை விட்டுவிடுகிறார். நஷ்டம் மட்டும் நேராக, பேச மொழி தெரியாத ஒருவர் தலையில் இறங்குகிறது.

அந்த நஷ்டம் என்ன என்பது சிங்காநல்லூரில்தான் கண்கூடாகத் தெரியும். காமராஜர் சாலையில் இ.எஸ்.ஐ மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ திட்டம் முதலில் தொடங்கியது 1955-ல், கோவையில்தான். பத்து பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இது உரிமை. அவர் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவிகிதம் மட்டும். வேலையில் விரல் போனால் சிகிச்சையும் கிடைக்கும், இழப்பீடும் கிடைக்கும், விடுப்பு நாள்களுக்குப் பணமும் கிடைக்கும். பவர் பிரஸ்ஸில் கை சிக்கிய ஒருவருக்கு இ.எஸ்.ஐ நம்பர் இல்லையென்றால், நாலு தெரு தள்ளியிருக்கும் அந்த மருத்துவமனையில் இ.எஸ்.ஐ பயன்களைப் பெறுவது அவருக்குக் கடினம். கான்ட்ராக்டர் மனம் வைத்தால் தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ரயில் ஏற்றிவிடுவார். மனம் வைக்காவிட்டால் அதுவும் இல்லை.

வேலை யாரால் போனது?

`வடக்கத்திப் பசங்க வந்துதான் நம்ம ஆளுங்களுக்கு வேலை இல்லாம போச்சு' என்ற கோபமும் உண்மையானது. ஆனால், காலவரிசையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1888-ல் முதல் பஞ்சாலை வந்த ஊர் கோவை. எட்டு மணி நேர வேலை, நிரந்தர வேலை, போனஸ் எல்லாம் இங்கே சும்மா கிடைக்கவில்லை. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரும் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள். அப்படி வளர்ந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது நிரந்தர வேலையை ஒப்பந்த வேலையாக மாற்றிக்கொண்டன. ஒண்டிப்புதூர் கம்போடியா மில் உள்ளிட்ட என்.டி.சி ஆலைகள் 2020 ஊரடங்கோடு நின்றுபோயின. அங்கே வேலை இழந்த நிரந்தரத் தொழிலாளர்களின் இடத்தைப் பீகார் இளைஞர் யாரும் பிடிக்கவில்லை.

நிரந்தர வேலை போய் கான்ட்ராக்ட் வேலை வந்தது. அந்தக் கூலிக்கும் அந்த நேரத்துக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் வர மறுத்தார்கள். காலியான அந்த இடத்துக்குத்தான் ரயில் ஏறி ஆள் வந்தது. பதிவில்லாத தொழிலாளியை மலிவாக வைத்துக்கொள்ள முடிகிற வரை, பதிவோடு வேலை கேட்கும் உள்ளூர்த் தொழிலாளியின் பேரம் பேசும் பலமும் குறையத்தான் செய்யும். வெளிமாநிலத்தவருக்குச் சட்டப்படி கூலி கிடைத்தால் முதலில் பயனடைவது உள்ளூர்த் தொழிலாளிதான்.

கட்சிகள் இதை வேறுவிதமாகக் கையாள்கின்றன. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க, தொழில் நிறுவனங்களில் 75 சதவிகித வேலையை உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கச் சட்டம் கொண்டுவருவோம் என்றது. தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த பின்பும் அந்தச் சட்டத்தைக் கொண்டுவரவில்லை. ஹரியானா அதே 75 சதவிகிதத்துக்குச் சட்டமே போட்டது; 2023 நவம்பரில் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாம் தமிழர் கட்சி, வடகிழக்கு மாநிலங்களில் இருப்பதுபோல உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும் என்கிறது. ஒதுக்கீடு, அனுமதிச் சீட்டு என்று பேசும் மேடைகளில் கான்ட்ராக்டர் லைசென்ஸ், இ.எஸ்.ஐ நம்பர், பாஸ்புக் என்ற சொற்கள் அபூர்வமாகவே கேட்கின்றன. ஏனென்றால், முன்னது வெளியூர்க்காரரைக் கேள்வி கேட்கிறது; பின்னது உள்ளூர்ப் பணக்காரரைக் கேள்வி கேட்கிறது.

ஒரு வதந்தி சொன்ன பாடம்

கணக்கு இல்லாததன் விலையை நாடு முதலில் 2020-ல் கண்டது. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவு முதல் ஊரடங்கு. லட்சக்கணக்கானவர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சொந்த மாநிலம் திரும்பியதாகப் பிறகு மத்திய அரசு சொன்னது. வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படியொரு தரவு இல்லை என்பதுதான் பதிலாக வந்தது. வேலை செய்யும்போது எழுதப்படாத பெயர், இறக்கும்போதும் எழுதப்படவில்லை.

அடுத்த பாடம் 2023 மார்ச்சில் நேராகக் கொங்கு மண்டலத்துக்கே வந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. எங்கோ, எப்போதோ நடந்த வேறு சம்பவங்களின் காட்சிகள் அவை. அந்த வாரம் சென்னையில் முதல்வர் ஸ்டாலினின் பிறந்தநாள் விழா நடந்திருந்தது. பீகார் துணை முதல்வராக இருந்த தேஜஸ்வி யாதவ் அதில் கலந்துகொண்டிருந்தார். `எங்கள் ஆட்கள் அடிவாங்கும்போது இவர் விருந்து சாப்பிடுகிறார்' என்ற பாணியில் பீகார் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியான பா.ஜ.க பிரச்னையைக் கிளப்பியது. இங்கே, வடமாநிலத்தவர் மீதான வெறுப்பைத் தி.மு.க-வினரே விதைத்தார்கள் என்று தமிழக பா.ஜ.க குற்றம்சாட்டியது. வதந்தி பொய் என்று தமிழகக் காவல்துறை அறிவித்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு வந்து நேரில் விசாரித்தது. பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைது செய்யப்பட்டு, தேசியப் பாதுகாப்புச் சட்டம் வரை பாய்ந்தது. பின்னர் அதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஹோலிக்கு ஊர் போன கூட்டத்தைப் பார்த்து `பயந்து ஓடுகிறார்கள்' என்று செய்தி வந்தது. கோவை, திருப்பூர் தொழிலதிபர்கள் ஆர்டரை எப்படி முடிப்பது என்று கலங்கினார்கள். யார் எங்கே வேலை செய்கிறார் என்று ஒரு பட்டியல் அரசிடம் முழுதாக இருந்திருந்தால், `உங்கள் ஊர் ஆட்கள் இத்தனை பேர் இங்கே பத்திரமாக இருக்கிறார்கள்' என்று ஒரே நாளில் காட்டியிருக்க முடியும். பட்டியல் இல்லாத இடத்தில்தான் வதந்திக்கு வேலை. அதற்குப் பிறகுதான், வெளிமாநிலத் தொழிலாளர்களை இணையதளத்தில் பதிவு செய்யுங்கள் என்று தொழிலாளர் துறை நிறுவனங்களை வற்புறுத்த ஆரம்பித்தது.

உழைப்பு இங்கே, ஓட்டு அங்கே

சிங்காநல்லூர் ஒரு சட்டமன்றத் தொகுதியும்கூட. இங்கே வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்கு இங்கே ஓட்டு கிடையாது. அதனால், எந்த வேட்பாளரும் அவர்களுடைய லேபர் ரூமில் தண்ணீர் வருகிறதா என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. சொந்த ஊரில் ஓட்டு இருக்கிறது. ஆனால், மூன்று நாள் ரயிலேறிப் போய் ஓட்டுப் போட்டுவர எத்தனை பேரால் முடியும்?

இதற்கு ஒரு வழியாகத் தேர்தல் ஆணையம், இருக்கும் இடத்திலிருந்தே வாக்களிக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கியது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை கையாளலாம் என்றார்கள். 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்துச் செயல்விளக்கம் காட்ட முயன்றார்கள். எதிர்க்கட்சிகள் ஒட்டுமொத்தமாக எதிர்க்க, திட்டம் அப்படியே நின்றது. சந்தேகங்களில் நியாயம் இருக்கலாம். ஆனால், அதற்கு மாற்றாக இன்னொரு வழியை யாரும் முன்வைக்கவில்லை.

இரண்டாவது வழி, வேலை செய்யும் ஊரிலேயே வாக்காளராவது. 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஓரிடத்தில் வழக்கமாகக் குடியிருக்கும் குடிமகன் அங்கே வாக்காளராகலாம். 2025-ல் பீகாரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வரைவுப் பட்டியலிலிருந்து சுமார் 65 லட்சம் பெயர்கள் நீங்கின. நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்கள் என்பதும் நீக்கத்துக்கான காரணங்களில் ஒன்று. அவர்களில் பலர் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள் என்று இங்கே கவலை கிளம்பியது. 6.5 லட்சம் பேர் சேர்க்கப்படுவதாக ப.சிதம்பரம் எழுத, அது தவறு என்று தேர்தல் ஆணையம் மறுத்தது.

இரண்டு பேச்சையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை புரியும். பீகாரில் `இவர் இங்கே இல்லை' என்கிறார்கள். தமிழ்நாட்டில் `இவர் இங்கத்தவர் இல்லை' என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் இருபது வருடமாகத் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம்.

சந்தேகத்தின் சுமை யார் மீது?

2025-ல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாக, செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த சட்டம் இது. உரிய பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். போலி ஆவணம் என்றால் ஏழாண்டு வரை சிறை. இந்தியா தர்மசாலை அல்ல என்று மக்களவையில் சொன்னார் உள்துறை அமைச்சர் அமித் ஷா.

எல்லையைக் காக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. ஆனால், ஒருவர் வெளிநாட்டவரா என்ற கேள்வி எழுந்தால், இல்லை என்று நிரூபிக்கும் சுமை 1946-ம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே இங்கேயும் அவர் மீதுதான். 2025-ல் பல மாநிலங்களில், வங்காளம் பேசிய இந்தியத் தொழிலாளர்கள் வங்கதேசத்தவர் என்ற சந்தேகத்தில் பிடிக்கப்பட்டார்கள். டெல்லியில் பிடித்து எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்ட மேற்கு வங்கத்துக் கர்ப்பிணி ஒருவர், நீதிமன்றங்களின் தலையீட்டுக்குப் பிறகு அந்த டிசம்பரில்தான் இந்தியா திரும்ப முடிந்தது. மேற்கு வங்கத் தேர்தல் நெருங்கிய நேரம் அது. ஒரு கட்சிக்கு `ஊடுருவல்' கோஷமாயிற்று, இன்னொரு கட்சிக்கு `மொழி அவமானம்' கோஷமாயிற்று.

வேலைக்கு வைத்துவிட்டுப் பெயரைப் பதிவு செய்யாதவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக 1,000 ரூபாய் அபராதம். காகிதத்தைக் காட்ட முடியாத தொழிலாளிக்குச் சிறை. ஆவணத்தைப் பற்றிய கண்டிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

இது நம் நாட்டு நோய் மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1986-ல் ரீகன் ஆட்சியில் குடியேற்றச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஏற்கெனவே இருந்தவர்களில் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ அந்தஸ்து கிடைத்தது. இனி ஆவணமில்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்குத் தண்டனை என்றும் சொன்னார்கள். ஆனால், `தெரிந்தே' வைத்தால்தான் குற்றம். பார்க்க நிஜம்போல ஒரு கார்டு இருந்தால் முதலாளிக்குக் கவலை இல்லை. பிறகு ஆவணமில்லாதவர்கள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியர்களைக் கைவிலங்கோடு கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கியபோது நாடே கொதித்தது. அவர்களை வேலைக்கு வைத்திருந்தவர்கள் யார் என்ற கேள்வி இங்கேயும் எழவில்லை, அங்கேயும் எழவில்லை.

தமிழர்களுக்குத் தெரிந்த கதைதான்

இந்த அரசியலின் கடைசிப் பக்கம் எப்படி இருக்கும் என்பதை அறிய அமெரிக்கா வரை போக வேண்டாம். நீலகிரிக்குப் போனால் போதும். கோத்தகிரி, கூடலூர், குன்னூர் பகுதிகளில் வாழும் தாயகம் திரும்பியோர் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவர்களுடைய முன்னோர்கள் கங்காணிகள் மூலம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு ஓட்டுப் போட்டார்கள். மறு ஆண்டே, 1948-ல், டி.எஸ்.சேனநாயக்க அரசு குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தந்தை வழி முன்னோர் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்த குழந்தைக்கு யார் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949-ல் ஓட்டுரிமையும் போனது.

ஆனால், தோட்ட வேலை ஒருநாளும் நிற்கவில்லை. தேயிலை வேண்டும், தேயிலை பறிப்பவரின் ஓட்டு வேண்டாம். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், அந்த மக்களைக் கேட்காமலேயே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் இருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்னை தீர 2003 வரை ஆனது. 55 ஆண்டுகள்!

இன்றும் இந்தக் கதை முழுதாக முடியவில்லை. 2019-ம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு இடம் தரப்படவில்லை. 2025-ல் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9-க்கு முன் தஞ்சமடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைத் தண்டனையிலிருந்து மட்டும் விடுவிக்கிறது. கோவைக்குப் பக்கத்தில் பூலுவப்பட்டி போன்ற முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, குடியுரிமை என்ற காகிதம் இன்னும் தூரத்திலேயே இருக்கிறது.

என்ன செய்யலாம்?

வாளையாறு தாண்டி, கோவையை ஒட்டியிருக்கும் கஞ்சிக்கோட்டில் கேரள அரசு 2019-ல் `அப்னா கர்' என்ற விடுதியைத் திறந்தது. 640 வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கலாம். 2017-ல் `ஆவாஸ்' என்ற காப்பீட்டுத் திட்டத்தையும் கொண்டுவந்தது. `அதிதி', அதாவது விருந்தினர் தொழிலாளர் என்று பெயர் வைத்தது. அங்கேயும் குறைகள் உண்டு. ஆனாலும், பதிவு செய்துகொண்டால் தொழிலாளிக்கு ஏதோ கிடைக்கும் என்ற நிலை இருந்தால்தான் அவர் பெயர் கொடுக்க முன்வருவார். போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் பெயர் கேட்டால் ஒளிந்துகொள்ளத்தான் பார்ப்பார்.

வீட்டு வேலை, கட்டட வேலை, சிறிய பட்டறை என்று பி.எஃப், இ.எஸ்.ஐ இல்லாத இடங்களில் வேலை செய்பவர்கள், 16 முதல் 59 வயதுக்குள் இருந்தால், இ-ஷ்ரம் இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். ஆதாரும் வங்கிக் கணக்கும் போதும். உதவி எண் 14434. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. வெளிமாநில உணவுப் பாதுகாப்பு அட்டைக்கு இங்குள்ள ரேஷன் கடையிலேயே மத்திய அரசின் பங்கை வாங்கலாம். பத்து பேர், அதற்கு மேல் இருக்கும் கம்பெனியில் இ.எஸ்.ஐ நம்பர் கேட்பது உரிமை. இந்தத் தகவல்களை இந்தியிலோ ஒடியாவிலோ ஒரு சீட்டில் எழுதி லேபர் ரூம் கதவில் ஒட்டினால்கூட அது ஓர் ஆரம்பம்தான். தன் வீட்டுக் கட்டட வேலைக்கு ஆள் வைப்பவரும், ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

2011-க்குப் பிறகு நடக்காத மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு, 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கே எண்ணப்படுவார். சிங்காநல்லூரில் தங்கியிருக்கும் ஒடிசா இளைஞர் சிங்காநல்லூர்க் கணக்கில் வருவார். மக்கள்தொகையை வைத்துத் தொகுதிகளைப் பிரித்தால் தமிழ்நாட்டுக்கு இடம் குறைந்துவிடுமோ என்று கவலைப்படுகிற அரசியலுக்கு, அந்த ஒரு தலைக்கணக்கும் அப்போது தேவைப்படும். `வெளியாள்' என்று பேசுகிறவர்களே `இவரும் எங்கள் கணக்கு' என்று சொல்ல வேண்டிவரும்.

தலையை எண்ணுவதற்கு ஒரு நாள் போதும். அந்தத் தலைக்குச் சொந்தக்காரரின் பெயரைச் சம்பளப் பதிவேட்டில் எழுதுவதற்கு 1980-லிருந்து சட்டம் காத்திருக்கிறது.